கடற்பயணமும் கொசுறும்

சந்தையில் காய்கறி வாங்கும் இல்லத்தரசி, பணத்தைக் கொடுத்த பின்னும் உடனே நகர்ந்துவிடுவதில்லை. "கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்கள்" என்று உரிமையோடு கேட்கிறாள். கடைக்காரரும் முகங்கோணாமல் ஒரு கொத்து எடுத்துப் பையில் போடுகிறார். இதற்குக் கொசுறு என்று பெயர். கொசுறு கேட்பதில் இழிவும் இல்லை. கொடுப்பதில் தியாகமும் இல்லை. அந்தக் கறிவேப்பிலையின் விலை கத்தரிக்காயின் விலையிலேயே எங்கோ அடங்கியிருக்கிறது என்பதை இருவருமே அறிவர்.

இதே கொசுறு, அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் டாலர் கணக்கில் வழங்கப்படுகிறது. அங்கே அதற்குச் "சலுகை" என்றும் "இலவசம்" என்றும் "உறுப்பினர் உரிமை" என்றும் அலங்காரமான பெயர்கள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் பிள்ளைகள், தம்மைப் பார்க்க வரும் பெற்றோரை இக்கப்பல்களில் அழைத்துச் செல்வது இன்று அரிய செய்தியன்று. ஆதலின் இந்தக் கொசுறு எங்கிருந்து பிறக்கிறது, யாரைச் சேர வேண்டும் என்பதை அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கும் பயன் தரும்.

பெருகிவரும் கூட்டம்

1970-ஆம் ஆண்டில் உல்லாசக் கப்பல்களில் பயணம் செய்தோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 2024-ஆம் ஆண்டில் அத்தொகை 3 கோடியே 46 இலட்சமாக உயர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட "ஐகான் ஆஃப் த சீஸ்" என்னும் கப்பல் 20 தளங்கள் கொண்டது. 7,600 பயணிகள் வரை ஏற்ற வல்லது. ஒரு சிறு நகரமே நீரில் மிதப்பது போன்றது அது. இத்துணை அறைகளையும் வாரந்தோறும் நிரப்பியாக வேண்டும். வெறுமையாகச் சென்ற அறையின் வருவாயைக் கப்பல் கரையை விட்டபின் எவராலும் மீட்க முடியாது. கொசுறு தோன்றுவதற்கு முதற்காரணம் இந்தக் கவலையே.

ஒரு ஷில்லிங் பயணம்

கூட்டமாகச் சேர்ந்தால் விலை குறையும் என்னும் உண்மையைப் பயணத்துறைக்கு உணர்த்தியவர்களுள் தலையாயவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் குக். மரவேலை செய்து வாழ்ந்த அவர் மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டவர். லவ்பரோ நகரில் நடைபெறவிருந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு லெஸ்டர் நகரிலிருந்து மக்களை அழைத்துச் செல்ல அவர் இரயில் நிறுவனத்தோடு பேசித் தனி இரயில் ஒன்றை ஏற்பாடு செய்தார். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் ஏறத்தாழ 500 பேர், தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் போய்வந்தனர்.

தனித்தனியே நிலையத்திற்குச் சென்று பேரம் பேசியிருந்தால் அந்த 500 பேரில் ஒருவருக்கேனும் அந்தக் கட்டணம் கிட்டியிருக்குமா? குறைந்த கட்டணத்தைப் பெற்றுத்தந்தது அவர்களுடைய எண்ணிக்கையே. பின்னர் குக் தொடங்கிய பயண நிறுவனம் உலகெங்கும் கிளை பரப்பி, 2019-ஆம் ஆண்டில் வீழ்ந்தது. ஆயினும் அவர் காட்டிய வழியிலேயே உல்லாசக் கப்பல் வணிகம் இன்றும் நடைபெறுகிறது.

கொசுறின் ஊற்றுக்கண்

கப்பல் அறைகளை விற்கும் முகவருக்கு நிறுவனம் கமிஷன் தருகிறது. பொதுவாக அது 10 விழுக்காட்டில் தொடங்கி, மிகுதியாக விற்போருக்கு 15 விழுக்காடும் அதற்கு மேலும் செல்லும். துறைமுகக் கட்டணம், வரி முதலியவற்றிற்குக் கமிஷன் கிடையாது.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கணவனும் மனைவியும் செல்லும் ஏழு இரவுப் பயணத்திற்கு 2,400 டாலர் என்று கொள்வோம். அதில் வரியும் துறைமுகக் கட்டணமும் 400 டாலர். மீதி 2,000 டாலருக்கு 15 விழுக்காடு என்றால் முகவருக்குக் கிடைப்பது 300 டாலர். இதிலிருந்து 100 டாலரைப் பயணிக்கே திருப்பிக் கொடுத்தாலும் முகவருக்கு 200 டாலர் மிஞ்சும். ஆனால் கட்டணத்தை வெளிப்படையாகக் குறைத்து விளம்பரம் செய்யலாகாது என்று பெரிய கப்பல் நிறுவனங்கள் முகவர்களைக் கட்டுப்படுத்தியுள்ளன. ஆகவே முகவர் அந்த 100 டாலரைக் "கப்பல் வரவு" என்னும் பெயரில் தருகிறார். அதாவது, பயணி கப்பலில் செய்யும் செலவுக்கென்று அவர் கணக்கில் முன்கூட்டியே வரவு வைக்கப்படும் தொகை அது.

விமானப் பயணத்தில் இத்தகைய கொசுறு ஏன் அருகிவிட்டது என்று சிலர் வினவலாம். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் 1995-இல் முகவர் கமிஷனுக்கு உச்சவரம்பு விதித்தன. 2002-இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்திவிட்டன. ஊற்று வற்றியதும் ஓடையும் வற்றியது. கப்பல்களில் ஊற்று இன்னும் வற்றவில்லை.

இரண்டாவது ஊற்று, கூட்டுப் பதிவு. முகவரோ சங்கமோ ஒரே பயணத்தில் பல அறைகளை மொத்தமாகப் பிடித்துவைத்தால் நிறுவனம் அதனைக் "குழு" என்று ஏற்றுக்கொள்கிறது. பொதுவாக எட்டு அறைகள், அதாவது 16 பயணிகள் சேர்ந்தால் குழுவாகும். குழுவுக்கெனக் கட்டணம் முன்கூட்டியே உறுதி செய்யப்படும். கப்பல் வரவோ, ஒரு வேளைச் சிறப்பு விருந்தோ கூடுதலாகக் கிடைக்கும். ஒருவரையொருவர் அறியாத பயணிகளும் ஒரே முகவர் வழியாக அந்தக் குழுவில் இடம் பெறலாம். "எங்கள் பயணத் தேதியில் உங்களிடம் குழு அறைகள் உண்டா?" என்னும் ஒரு கேள்வி பல நேரங்களில் 50 அல்லது 100 டாலரை மிச்சப்படுத்தும். கேளாதவருக்கு அது கிடைப்பதில்லை.

உறுப்பினராவதன் பயன்

அமெரிக்க மக்கள் சங்கங்களில் சேர்வதில் ஆர்வமுடையவர்கள். கார் உரிமையாளருக்கென 1902-இல் தோன்றிய அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமும், 1958-இல் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் அம்மையார் ஓய்வுபெற்றோருக்காக நிறுவிய சங்கமும் தம் உறுப்பினருக்குப் பயணச் சலுகைகளைப் பெற்றுத்தருகின்றன. காஸ்ட்கோ என்னும் உறுப்பினர் வணிக நிறுவனம், தன் வழியாகக் கப்பற்பயணம் பதிவு செய்வோர் பலருக்குத் தன் கடைகளிலேயே பொருள் வாங்கிக்கொள்ளும் மதிப்பட்டையை அனுப்புகிறது.

கப்பல் நிறுவனத்தின் பங்குதாரருக்கும் கொசுறு உண்டு. கார்னிவல் நிறுவனம் குறைந்தது 100 பங்குகள் வைத்திருப்போருக்குப் பயண நாள்களின் எண்ணிக்கைக்கேற்ப 50, 100, 250 டாலர் என்று கப்பல் வரவு வழங்குவதைப் பல ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டுள்ளது. ஆனால் 100 டாலர் கொசுறுக்காகப் பங்கு வாங்கப் புகுவது, கறிவேப்பிலைக்காகக் கடையையே விலைக்கு வாங்குவது போன்றது.

அடிக்கடி பயணம் செய்வோருக்கென நிறுவனங்களே நடத்தும் விசுவாசத் திட்டங்கள் வேறு. ராயல் கரீபியன் நிறுவனத்தில் சாதாரண அறையில் ஓர் இரவு தங்கினால் ஒரு புள்ளி. 80 புள்ளிகள் சேர்ந்தால் "வைரம்" என்னும் படி. 700 புள்ளிகள் சேர்ந்தால் உச்சிப்படி. எழுநூறு இரவுகள் என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! அவ்வளவு காலம் கடலில் கழித்துப் பெறும் சலுகைக்கு இலவசம் என்று பெயரிடுவது பொருந்துமா என்பதை வாசகர்களே முடிவு செய்க.

பணத்தில் அளக்க இயலாத ஒரு பயனையும் குறிப்பிட வேண்டும். ஒரே கப்பலில் செல்லவிருப்போர் புறப்படுமுன்பே அறிமுகமாகிக்கொண்டால், ஏற்கெனவே அக்கப்பலில் சென்றவரின் அனுபவம் புதியவருக்குக் கிடைக்கிறது. இயந்திர ஓசை எந்த அறைக்கு எட்டும், முதியவருக்கு எந்தத் தளம் வசதி என்பனவற்றை விளம்பரத் தாள் சொல்லாது, போய்வந்தவர் சொல்வார். தீவில் இறங்கியபின் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் செலவு நாலில் ஒரு பங்காகிவிடும். இதனைத் தருவது கப்பல் நிறுவனமன்று. பயணிகள் ஒருவருக்கொருவர் தந்துகொள்வது.

இலவசத்தின் மறுபக்கம்

கப்பல் வரவு இருவகைப்படும். ஒன்று, செலவழியாமல் மீந்ததைப் பணமாகத் திருப்பித் தருவது; மற்றது, திருப்பித் தராதது. இரண்டாம் வகையே மிகுதி. கடைசி இரவில், மீந்திருக்கும் 40 டாலர் வீணாகிறதே என்று பதறி, தேவையற்ற பொருளை 90 டாலருக்கு வாங்குவோர் உண்டு. அவர்கள் 40 டாலரைக் காப்பாற்றவில்லை; 50 டாலரை இழந்தார்கள்.

"பானங்கள் இலவசம்" என்னும் அறிவிப்பையும் ஊன்றிப் படிக்க வேண்டும். சில நிறுவனங்கள் பானத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதன் முழு மதிப்பின்மீது 20 விழுக்காடு அளவுக்குச் சேவைக் கட்டணம் வசூலிக்கின்றன. குடியாதவருக்கு அந்த இலவசமே செலவாகிவிடும்.

ஆகவே இரண்டு முகவர்களின் சலுகைகளை ஒப்பிடும்போது கொசுறை மட்டும் பார்ப்பது பேதைமை. வரி, துறைமுகக் கட்டணம், சேவைத் தொகை அனைத்தையும் கூட்டி, உண்மையில் பயன்படக்கூடிய சலுகையை மட்டும் கழித்து, எஞ்சும் தொகையை ஒப்பிட வேண்டும்.

தொழிலாளியின் பங்கு

பெரும்பாலான அமெரிக்கக் கப்பல்களில், பணியாளருக்கான வெகுமானமாக ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை பயணியின் கணக்கில் சேர்க்கப்படுகிறது. 17 டாலர் என்று கொண்டால், இருவருக்கு ஏழு நாளைக்கு 238 டாலர். இத்தொகையைப் பயணிக்காக முகவரே செலுத்துவது சிறந்த சலுகைகளுள் ஒன்று. அதில் பயணிக்கும் ஆதாயம், பணியாளருக்கும் நட்டமில்லை.

ஆனால் சிலர் வேறொரு குறுக்குவழியை நாடுகிறார்கள். வரவேற்பு மேசைக்குச் சென்று, அந்த வெகுமானத்தைத் தம் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கிறார்கள். பல நிறுவனங்களின் விதி அதற்கு இடமளிக்கிறது. இப்படி நீக்கிய தொகையைச் சேமிப்பு என்று எண்ணி மகிழ்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அறையைத் துப்புரவு செய்பவரும், உணவு மேசையில் பரிமாறுபவரும், கண்ணில் படாமல் சலவைக்கூடத்தில் உழைப்பவரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் வாழ்பவர்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்கிறது. ஒரு மனிதனுக்கு இவ்வளவேனும் ஓய்வு கொடுங்கள் என்று உலகமே கூடிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அவ்வுழைப்பின் கடுமையை நாம் உய்த்துணரலாம். அவருடைய கூலியில் கை வைத்துப் பெறுவது கொசுறு ஆகாது. கடைக்காரர் அசந்திருக்கும்போது கூடையிலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும்.

பதினாறு பேரின் சொத்து

இறுதியாக, அதிகம் பேசப்படாத ஒரு செய்தி. குழுவாகப் பதிவு செய்யும்போது 16 பயணிகளுக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் ஒருவருக்குரிய பயணக் கட்டணத்தை நிறுவனம் தள்ளிக் கொடுப்பது வழக்கம். வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் செலுத்த வேண்டியிருக்கும். குழுவைத் திரட்டியவர், அவர் சங்கச் செயலராயினும், ஆசிரியராயினும், எம்போன்ற குருவாயினும், பெரும்பாலும் இந்த இடத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார்.

அது தவறா? மாதக்கணக்கில் அலைந்து, பணம் வசூலித்து, முதியோரைக் கைபிடித்து ஏற்றி இறக்கும் ஒருவர் அதனைப் பெறுவதில் முறையுண்டு. ஆனால் மற்றவர் அறியாமல் பெறுவதில் முறையில்லை. அந்தக் கட்டணம் 800 டாலர் என்றால், 16 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 50 டாலர் வரும். அது அவர்களுடைய எண்ணிக்கையால் விளைந்த செல்வம். தலைவர் முதல் கூட்டத்திலேயே எழுந்து, "இப்படி ஒரு சலுகை உண்டு; இதனைப் பகிர்ந்துகொள்வோமா, வசதி குறைந்த ஒருவரை அழைத்துச் செல்வோமா, அல்லது என் செலவுக்குத் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். பெரும்பாலும் அவர்களே மனமுவந்து அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கேட்டுப் பெற்றபின் அது நன்கொடை. மறைத்துப் பெற்றால் பயணம் முழுவதும் மனத்தை உறுத்தும் சுமை.

நினைவிற்கொள்ள வேண்டியவை

பயணம் பதிவு செய்யுமுன்பே சலுகையைக் கேளுங்கள். நிறுவனத்திடம் நேரே பதிவு செய்துவிட்டால், பின்னர் முகவரிடம் மாற்றுவதற்கு நாள் வரம்பு உண்டு. முழுத்தொகை கட்டியபின் மாற்ற இயலாது. ஒரே சலுகைமீது மற்றொன்றைச் சேர்க்க இயலுமா என்று வினவுங்கள். வாக்களித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத்தொகை கட்டும் நாளுக்குமுன் கட்டணம் குறைந்திருந்தால் அந்தக் குறைந்த கட்டணத்தைத் தருமாறு கேளுங்கள். புறப்படுமுன் கப்பல் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். பணியாளரின் பங்கைத் தொடாதீர்கள். குழுவுக்குத் தலைமை தாங்கினால் கணக்கை விரித்து வையுங்கள்.

காய்கறிக்காரர் கறிவேப்பிலையைக் கூடைக்கு அடியில் ஒளித்துக் கொடுப்பதில்லை. எல்லாரும் பார்க்கவே கொடுக்கிறார். நாமும் பெறுகின்ற கொசுறை எல்லாரும் பார்க்கவே பெற்றுக்கொள்வோம்.