கணிப்பொறியைக் குளிர்விக்க ஏரி எதற்கு?

சீன தேசத்து ஜெஜியாங் மாகாணத்தில், சின்ஆன் நதிக்கு அணை கட்டியதால் 1959-இல் உண்டான சியான்தாவ் ஏரியின் அருகே, அலிபாபா கிளவுட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு ஒரு தரவு மையத்தைத் திறந்தது. ஏரிக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா?

கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் அநேகமாக முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இரவு பகலாக இயங்கும் கூடத்தில் அந்த உஷ்ணத்தை அப்புறப்படுத்தாவிடில், அவை விரைவிலேயே ஸ்தம்பித்துவிடும். குளிர்சாதனங்களை ஓட்டலாம்தான், அவற்றுக்கும் மின்சாரம் வேண்டுமே!

கொதித்த பாலை நம் வீட்டில் எப்படி ஆற்றுகிறோம்? பாத்திரத்தோடு தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கிறோம்; பாலும் நீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் பாத்திரத்தின் தகட்டைக் கடந்து நீருக்குப் போய்விடுகிறது.

இங்கும் அதுவே. வெயில் எட்டாத ஆழத்தில், கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும் ஏரிநீரை எடுத்து, வடிகட்டி, மூடிய குழாய்களில் மாடி மாடியாக ஓடவிடுகிறார்கள்; இயந்திரத்தைத் தொடாமலே அதன் சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது.

சூடேறிய நீரை அப்படியே ஏரியில் கொட்டிவிடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் ரசமான விஷயம்: ஊர் நடுவே அலங்கார ஓடையாக இரண்டரை கிலோமீட்டர் ஓடி, ஆறிய பிறகே அது ஏரியைச் சேர்கிறது.