மிதித்தால் கரையும் கூலி

மும்பையில் நாள் வாடகைக்கு டாக்சி ஓட்டும் நம்மவர்களுக்கு எரிபொருள் சொந்தச் செலவு. வேகமாகப் போனால் கூடுதலாக ஒரு சவாரி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்குள் அது பலிப்பதில்லை. அடுத்த சிக்னலில் பிரேக் போட்டதும், வேகமெடுக்க எரித்தது அத்தனையும் சூடாகி வீணாகிறது.

புனே சாலையில் காற்றே எதிரி. 60 கிலோமீட்டரிலிருந்து 90க்கு ஏற்றினால் வேகம் ஒன்றரை மடங்கு. காற்றுத் தடையோ இரண்டேகால் மடங்கு! 45 முதல் 55 வரை சிக்கனம் என்கிறது 1978இல் அமைந்த பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம். நெடுஞ்சாலையில் அப்படி ஊர்ந்தால் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும், எழுபதாவது போதாதா?

டயரில் காற்று குறைந்தாலும் நஷ்டம்தான். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். வரிசையில் நிற்கத்தான் மனம் வருவதில்லை.