இறுகும் தசையும் இளக்கும் மருந்தும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் நெசவு முக்கியமான தொழில். தறியில் பாவு தளர்ந்திருந்தால் துணி சீராக அமையாது. அளவுக்கு மீறி இறுகினால் இழை அறுந்துவிடும். நமது தசைகளுக்கும் இவ்வாறே அளவான ஓர் இறுக்கம் தேவை. அது இருப்பதால்தான் நாம் நிமிர்ந்து உட்காரவும் நிற்கவும் முடிகிறது.

இந்த இறுக்கம் அளவு கடந்துபோகும் நிலையே தசை விறைப்பு. பக்கவாதம், தண்டுவடக் காயம், குழந்தைகளைப் பாதிக்கும் பெருமூளை வாதம் ஆகியவற்றில் இதனைக் காணலாம். கை மடங்கியபடியே நின்றுவிடும். கால்கள் கத்தரிபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரவில் தசைகள் வெட்டியிழுத்து உறக்கத்தைக் கெடுக்கும்.

விறைப்பு ஏன் தோன்றுகிறது?

முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டியதும் கால் தானாக உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். தசையினுள்ளே கதிர் வடிவில் நுண்ணிய உணர் உறுப்புகள் உள்ளன. தசை திடீரென்று நீளும்போது இவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ‘சுருங்கு’ என்னும் ஆணை அங்கிருந்தே தசைக்குத் திரும்புகிறது. மூளையின் உத்தரவுக்கு இச்செயல் காத்திருப்பதில்லை. ஆயினும், இது எல்லை மீறாதபடி அடக்கி வைப்பவை மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புப் பாதைகளே. அப்பாதைகள் சேதமடைந்தால் வண்டியில் பிரேக் பழுதானதுபோல் ஆகிவிடுகிறது.

இதில் இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுருள்வில்லின் எதிர்ப்பு, அது எவ்வளவு நீளுகிறது என்பதைப் பொறுத்தது. விறைத்த தசையின் எதிர்ப்போ எவ்வளவு வேகமாக நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடுகிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் அறிஞர் ஜேம்ஸ் லான்ஸ் 1980ஆம் ஆண்டில் தந்த வரையறை இதனையே அடிப்படையாகக் கொண்டது. மடங்கிய கையை வெடுக்கென்று இழுத்தால் அது மேலும் இறுகும். மெதுவாக நீட்டினால் இணங்கும்.

மருந்துகள் செய்வது என்ன?

நரம்பணுக்களின் பரபரப்பை அடக்க உடலிலேயே ‘காபா’ என்னும் பொருள் சுரக்கிறது. அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, 1962ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பாக்லோஃபென் உருவாக்கப்பட்டது. காக்காய் வலிப்புக்கென்று உருவான அம்மருந்து அந்நோய்க்குப் பெரிதும் பயன்படவில்லை. தசை விறைப்புக்கோ நன்கு பயன்பட்டது. டயஸிபாம் என்னும் மருந்து காபாவின் வேலையை வலுப்படுத்துகிறது. டிசானிடின், நரம்பணுக்களைத் தூண்டும் பொருள்களின் வெளியீட்டைக் குறைக்கிறது. டான்ட்ரோலீன் மட்டும் தசைக்குள்ளேயே வேலை செய்கிறது. சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் வெளிப்படாமல் தடுக்கிறது. ஓரிரு தசைகளில் மட்டும் விறைப்பு இருந்தால், பொட்டுலினம் நச்சை மிக நுண்ணிய அளவில் அத்தசைக்குள் ஊசி மூலம் செலுத்துவார்கள். அதன் பயன் ஏறக்குறைய மூன்று மாதங்கள் நீடிக்கும்.

மாத்திரைகளால் போதிய பயன் கிட்டாதவர்களுக்கு, வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சிறு பம்பை வைத்துத் தண்டுவட நீரிலேயே பாக்லோஃபெனைச் செலுத்தும் முறையும் உண்டு. வாய்வழியே மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும் மருந்து, இம்முறையில் மைக்ரோகிராம் கணக்கிலேயே போதுமானதாகிறது.

எச்சரிக்கை தேவை

இம்மருந்துகள் இறுக்கத்தைத் தளர்த்துமேயன்றி, அறுந்துபோன நரம்புப் பாதையைச் சீராக்குவதில்லை. வலுவிழந்த கால், விறைப்பின் துணையாலேயே உடலைத் தாங்கி நிற்பதும் உண்டு. அதை முழுவதும் தளர்த்திவிட்டால் நோயாளி நிற்க முடியாமல் விழுந்துவிடுவார். ஆகவேதான் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார். தூக்கக் கலக்கமும் சோர்வும் பொதுவான பக்க விளைவுகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாக்லோஃபெனின் அளவைக் குறைக்க வேண்டும். டிசானிடின் உட்கொள்பவர்கள் ஈரல் சோதனை செய்துகொள்வது அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. நெடுநாள் உட்கொண்ட பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் விறைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். கடுங்காய்ச்சல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, பஸ் ஏறிப் போய் வாங்க நேரமில்லை என்று சிற்றூர்களில் விட்டுவிடுவது எளிது. கையிருப்பு தீர்வதற்குச் சில நாள் முன்பே வாங்கி வைப்பதே பாதுகாப்பு. மருந்தை நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

விறைப்பு திடீரென்று அதிகரித்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், ஏன், இறுக்கமான காலணிகூடக் காரணமாகலாம்.

மருந்துடன் பயிற்சியும் சேர வேண்டும். 1954ஆம் ஆண்டு விபத்தொன்றில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தபடியே மருத்துவப் பணி தொடர்ந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய முயற்சியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டில் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அத்தகைய இடங்களில் கற்றுத் தரப்படும் பயிற்சிகளை வீட்டிலும் நாள்தோறும் தொடர வேண்டும். மாத்திரை தசையை இளக்குகிறது; இளகிய நேரத்தைப் பயன்படுத்தி மெதுவாக நீட்டிவிடுவது வீட்டாரின் கையில் இருக்கிறது.