புகையிலையும் ஊட்டிய மணமும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சுருட்டின் தரத்தை மணத்தைக் கொண்டே கணித்த முதியோரை நம்முட் பலர் அறிவர். வட்டாவில் வெற்றிலை பாக்குடன் வைக்கும் புகையிலைத் துண்டினைத் தெரிவதிலும் அவர்கள் வல்லவரே. 'நல்ல புகையிலை' என்று அவர்கள் கூறியபோது எதனைப் பாராட்டினர்? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

செடியிலுள்ள பச்சை இலையில் நாம் அறிந்த மணம் இல்லை. பதப்படுத்தலே அதனைத் தருகின்றது. யாழ்ப்பாணத்திலே இலையைக் குடிலிற் கட்டித் தேங்காய்ப் பொச்சின் புகையை ஊட்டுவர். சுருட்டுக்குரிய இலையைக் 'கோடா' எனும் சாற்றில் நனைப்பதும் உண்டு. ஆகவே, சுருட்டின் சுவையிற் பாதி குடிலிலும் கோடாவிலும் பிறந்ததாகும்.

சுங்கானில் இட்டுப் புகைக்கும் மேனாட்டுக் கலவைகளின் முறையும் இதுவே. வேர்ஜீனியா இலை வெப்பக் காற்றில் உலர்வதால் இனிப்புக் குன்றாதிருக்கும். பேர்லி இலையில் இனிப்புக் குறைவு. ஆனால் ஊற்றும் சாற்றை நன்கு உறிஞ்சும். சிரியாவின் துறைமுகப் பெயரைத் தாங்கிய லத்தாக்கியா விறகுப் புகையிற் பதமாவது. லூசியானாவின் பெரிக் பீப்பாயில் அழுத்தப்பட்டுப் புளிப்பது. இவற்றைக் கலக்குமுன் சர்க்கரை, அதிமதுரம், கொக்கோ முதலியவற்றின் சாற்றை ஊட்டுவர். இறுதியில் வனிலா, றம் போன்ற வாசனைகளைத் தெளிப்பர்.

இனி, ஒப்பிடும் முறையை நோக்குவோம். நாக்கு அறியும் சுவைகள் சிலவே. எஞ்சியவற்றை உணர்வது மூக்கு. புகைப்பவர் 'காரம்' என்பது பெரும்பாலும் நிக்கொற்றினின் வேகம். ஒரே கலவையும் ஈரம் மிகுந்தாலோ விரைந்து இழுத்தாலோ நாக்கைச் சுடும். பக்கத்திலிருப்போர்க்கு இனிமையாகத் தோன்றும் வாசனை, புகைப்பவர்க்கு அவ்வாறே தோன்றுவதில்லை. எனவே ஒரே சுங்கான், ஒரே ஈரம், மறைத்த பெயர் என்ற ஒழுங்கின்றி இருவர் கூறும் தீர்ப்பு ஒத்துவருதல் அரிது.

எனினும், மணத்தைக் கொண்டு அறியவியலாத ஒன்றுண்டு. அதுவே தீமையின் அளவு. வனிலா சேர்ந்த புகையிலும் தாரும் நிக்கொற்றினும் உள்ளன. றிச்சட் டொல், பிரட்போட் ஹில் என்போர் 1950 ஆம் ஆண்டிலே புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். சுருட்டும் சுங்கானும் வாய், தொண்டைப் புற்றுநோயை விளைவிப்பன. புகையிலை சேர்ந்த வெற்றிலையும் அத்தகையதே என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985 இல் உறுதிப்படுத்தியது.

ஊட்டிய இனிமை புகையின் கடுமையை மறைத்து, புதிதாகப் பழகுவோரை எளிதில் ஈர்க்கும். இதனை உணர்ந்தே இலங்கை அரசு 2016 இல் வாசனையும் இனிப்பும் ஊட்டிய சிகரெட்டுகளையும், மெல்லும் புகையிலைக் கலவைகளையும் உற்பத்தி செய்தலையும் விற்றலையும் தடைசெய்தது. நம் முதியோர் மெச்சிய மணம் அவர்தம் கைத்திறனுக்குச் சான்று. மாணவர்க்கோ அது விலகிச் செல்ல வேண்டிய அழைப்பு என்பதே நம் துணிபு.