நெய்தலும் பாலையும்: குளச்சல் கரையில் நாலு நாள்

பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடியும் தறுவாயில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் ஒரு சிறு பார்லிமெண்டு கூடிவிடுவது வழக்கம். "இந்த விடுமுறைக்கு எங்கே போவது?" என்பதே அதன் முன் வைக்கப்படும் ஒரே தீர்மானம். எதிர்க்கட்சி பலம் மிகுந்தது. பொக்கிஷமோ பலம் குறைந்தது. இந்த இக்கட்டான நிலையில்தான், அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான் அனுப்பிய படங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அவன் சென்றிருந்த ஊருக்குப் புவெர்ட்டோ பெனாஸ்கோ என்று பெயர். "பாறைத் துறைமுகம்" என்று பொருளாம். மெக்ஸிகோ நாட்டின் சொனோரா மாகாணத்தில், கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் இருக்கிறது. ஒரு பக்கம் பாலைவனம். மறு பக்கம் நீலக்கடல். அந்தப் பாலைவனத்தையும் அதையொட்டிய பினகாட்டே எரிமலைப் பிரதேசத்தையும் 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். ஆளுயரக் கள்ளிகளும் மணற்குன்றுகளும் ஒரு படத்தில். நுரை ததும்பும் அலைகள் அடுத்த படத்தில். பார்த்ததுதான் தாமதம், "அப்பா, பாலைவனமும் கடலும் சேர்ந்தாற்போல் பார்க்க வேண்டும்!" என்று பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

என் சகதர்மிணி நாஞ்சில் நாட்டிலே பிறந்தவள். படங்களை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்காகவா ஏழு கடல் தாண்ட வேண்டும்? குளச்சலுக்குப் போனால் கடல். முட்டத்துக்கு நடந்தால் செம்மணல் காடு. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் அசல் பாலைவனமே இருக்கிறது. நம் ஊரை நாம் பார்த்தாயிற்றா?" என்று கேட்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முன்யோசனை இல்லாத பிரயாணம்

பாலை என்பது தனியே ஒரு நிலமன்று, வேனிலின் கொடுமையால் மற்ற நிலங்கள் அடையும் கோலமே அது என்பது பழந்தமிழர் கொள்கை. தென்கோடியிலோ, கடல் சார்ந்த நெய்தலை ஒட்டியே பாலையின் சாயலுள்ள செம்மணல் நிலத்தையும் பார்க்கலாம். இவ்வளவு அழகாகத் தத்துவம் பேசிய நான், பிரயாணத் திட்டத்தில் மட்டும் ஒரு பெரிய தவறு செய்தேன். விடுமுறை மே மாதத்தில் கிடைத்தது. ஆகவே மே மாதத்திலேயே புறப்பட்டுவிட்டேன். கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

குளச்சலில் இறங்கிய அன்று மாலை வானம் நிர்மலமாக இருந்தது. காற்றுக்கூட இல்லை. கடல் எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது. என் மகன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினான். கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் சட்டென்று எழுந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாட்டா, காற்றே இல்லையே! அலை எப்படி வரும்?" என்று அவன் சிணுங்கினான்.

"மக்களே, காத்து அடிச்சாத்தானா அலை வரும்? இது எங்கேயோ தூரத்திலே பொறப்பட்ட அலையாக்கும். கள்ளக்கடலு. கடலு உறங்குதுண்ணு நெனச்சிராதே" என்றார் கிழவர்.

அவர் சொல்லி முடித்துச் சில நிமிஷங்கள்கூட ஆகியிராது. எங்கிருந்தோ ஓர் அலை ஓசைப்படாமல் உயர்ந்து வந்து, எங்கள் செருப்புகளையும் துணிப்பையையும் வாரிக்கொண்டு போயிற்று. நாங்கள் நின்ற இடத்துக்கும் அப்பால் மணல் நனைந்தது. என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். செருப்புத்தானே போயிற்று என்று எண்ணி ஆறுதல் அடைந்தேன். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கள்ளக்கடல் என்னும் அபாயம்

கள்ளக்கடல் என்ற பெயர் மலையாளக் கரையிலும் குமரிக் கரையிலும் உள்ள மீனவர்கள் இட்டது. திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். தென் இந்து மகா சமுத்திரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வீசும் புயற்காற்று பேரலைகளை எழுப்புகிறது. அவை பல நாட்கள் பிரயாணம் செய்து நம் கரையை அடைகின்றன. அப்போது நம் கரையில் காற்றும் இராது, மழையும் இராது. வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிடும் உள்நாட்டு ஜனங்கள் ஏமாந்து போவது இதனால்தான். கோடைப் பருவத்தில், அதாவது நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் அதே மாதங்களில், இது அதிகம்.

2024-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, குளச்சலுக்குக் கிழக்கே கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவ மாணவிகள் ஐந்து பேர் அலையில் அகப்பட்டு உயிர் துறந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்துத்தான் இருந்தது. எச்சரிக்கை இருந்தும் அருமையான உயிர்கள் போய்விட்டன. ஆகையால் குமரிக் கரைக்குப் புறப்படும் குடும்பத்தார் ரயில் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம். அதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு. கரையிலிருக்கும் மீனவரிடம், "இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் அது.

எப்போது போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். இதில் ஒரு விநோதம் உண்டு. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாதென்று வருஷந்தோறும் தடை போடுகிறார்களல்லவா? தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் உள்ளிட்ட குமரி மேற்குக் கரைக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே ஜில்லாவில் இரண்டு கடல், இரண்டு பஞ்சாங்கம்!

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரையில் வெயில் இதமாயிருக்கும். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளும் அந்தக் காலத்திலேயே வருகின்றன. நாங்கள் மறுமுறை சென்றது ஜனவரியில். அந்த அனுபவத்தைக் கொண்டு நாலு நாள் திட்டம் ஒன்று தருகிறேன்.

முதல் நாள்: குளச்சல்

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் வசதி தாராளமாக உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் ஸ்டேஷன் சமீபம். தங்குவதற்கு நாகர்கோவிலே சௌகரியம்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது வெற்றித் தூண். மிளகு வியாபாரத்தில் ஏகபோகம் கொண்டாட வந்த டச்சுக் கம்பெனியின் படையை 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா இந்தக் கரையில் முறியடித்தார். பிளாசி யுத்தத்துக்குப் பதினாறு வருஷங்கள் முன்னால், ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய அரசர் ஒருவர் மண்டியிடச் செய்தார் என்பதை நம் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு; அந்த மணலில் நின்றுகொண்டு கேட்பது வேறு.

அதே கரையில் 2004 டிசம்பர் 26-ந் தேதியின் சுனாமி நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் குலைத்துப் போட்டது. அந்த நினைவிடத்தின் முன் சற்று மௌனமாக நின்றுவிட்டு வாருங்கள். கடல் கொடுப்பதும் எடுப்பதும் என்னவென்று அங்கே விளங்கும்.

இரண்டாம் நாள்: கருமணலும் செம்மணலும்

குளச்சலிலிருந்து கரையோரமாகவே கிழக்கு நோக்கிச் சென்றால் மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயிலின் மூலஸ்தானத்தில் இருப்பது வளர்ந்துயர்ந்த புற்று. மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு திரளாக வருவார்கள்.

அடுத்து மணவாளக்குறிச்சி. இங்கே பிள்ளைகளை ஒரு பிடி மணலை அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாக மினுமினுக்கும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகள்களைக் கொண்டு, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இதில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அணுசக்திக்கு உதவக்கூடிய தோரியம் அதில் அடங்கியிருக்கிறது. இப்போது மத்திய சர்க்காரின் அருமணல் ஆலை இங்கே நடைபெறுகிறது. மணல் எடுப்பதைப் பற்றிக் கரையோர மக்களுக்கு நெடுநாளாகக் கவலையும் இருந்து வருகிறது.

மாலை வேளைக்கு முட்டம். ஒரு புறம் கலங்கரை விளக்கமும் கரும்பாறைகளும். சற்று உள்ளே தள்ளிப் போனால், மழைநீர் அரித்து அரித்துச் சிறு சிறு பள்ளத்தாக்குகளாக்கிய செம்மண் மேடுகள். மருமான் அனுப்பிய படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த என் மகள், "அப்பா, கள்ளிச் செடிதான் குறைச்சல்!" என்றாள். பாறைகளின் மேல் ஏறுவது மட்டும் வேண்டாம். பாசி வழுக்கும், அலை எட்டிப் பிடிக்கும்.

மூன்றாம் நாள்: கோட்டையும் அரண்மனையும்

குளச்சலில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் என்ன ஆனார்? மார்த்தாண்ட வர்மா அவரைக் கொன்றுவிடவில்லை. தம் படைக்கே பயிற்சி அளிக்க நியமித்தார். ஜனங்கள் அவரை "வலிய கப்பித்தான்" என்று அழைத்தார்கள். 1777-ல் காலமான அவருடைய சமாதி புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. சமீபத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரையில் திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். 1956-ல் கன்னியாகுமரி ஜில்லா தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை நிர்வாகம் கேரள சர்க்காரிடமே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட வேண்டாம்.

நாலாம் நாள்: தேரிக்காடு

அசல் பாலைவனத்தைப் பார்க்க விடியற்காலையிலேயே கார் அமர்த்திக்கொண்டு தூத்துக்குடி ஜில்லாவுக்குள் செல்ல வேண்டும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் குதிரைமொழித் தேரி பரந்து கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போன்ற செம்மணல். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத்துரு போர்த்தியிருப்பதால் இந்த நிறம். நெடுங்காலம் வீசிய காற்றே இந்த மேடுகளைக் குவித்தது. ஆச்சரியம் என்னவென்றால், இதன் நடுவிலே அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலில் சுனை ஒன்று இருக்கிறது! பாலையின் வயிற்றில் தண்ணீர்! காலை ஒன்பது மணிக்குள் நடந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் மணல் காலைச் சுடும்.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு செல்லலாம். கடலுக்குள் நீண்ட மணற்குன்றும், அதன் மேல் திருச்சிலுவைக் கோயிலும், பதினாறாம் நூற்றாண்டில் சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் காணத் தக்கவை.

விருந்தாளிக்குச் சில வார்த்தைகள்

தொப்பியும், குடிநீரும், ஈரத்தைத் துவட்ட மாற்றுத் துணியும் அவசியம். நாஞ்சில் நாட்டின் மட்டிப்பழத்தையும், நொங்கையும், மீன் உண்பவர்களானால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சேர்ந்த சாப்பாட்டையும் தவற விடாதீர்கள்.

இன்னொன்று. நமக்கு அது கடற்கரை. அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் வீட்டு முற்றமும் தொழிற்சாலையும். காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டு நடப்பதும், மீன் ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று படம் எடுப்பதும், நொறுக்குத் தீனிக் காகிதங்களை எறிந்துவிட்டு வருவதும் விருந்தாளிக்கு அழகல்ல. முன்பின் தெரியாத என் பிள்ளையின் கையை அன்று பிடித்து நிறுத்தியவர் அந்த முற்றத்தின் சொந்தக்காரர்தானே!

ஜனவரியில் சென்றபோது அவரைத் தேடிப் பார்த்தோம். அதே இடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என் மகன் இந்தத் தடவை தண்ணீரை நோக்கி ஓடவில்லை. அவர் அருகில் போய் உட்கார்ந்தான்.

"பாட்டா, இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

கிழவர் சற்று நேரம் கடலை உற்றுப் பார்த்தார். பிறகு, "இன்னைக்குப் பரவாயில்ல மக்களே. ஆனா முட்டளவுக்கு மேலே போவாதே" என்றார்.

நாங்கள் எல்லோரும் கணுக்காலளவு தண்ணீரில் நின்று சூரியாஸ்தமனத்தைப் பார்த்தோம்.