உங்களுக்குத் தெரியுமா? – பொடித்த சர்க்கரை

கடையில் ஐசிங் சுகர் என்று வாங்குவது வெறும் சர்க்கரை அல்ல. பெரும்பாலும் அதில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை கார்ன்ஃப்ளார் கலந்திருக்கும். ஈரத்தை இழுத்துக்கொண்டு, பொடி கட்டி தட்டாமல் காப்பது அதன் வேலை. அன்றைக்கே மாலாடு பிடிக்கப் போகிற வீட்டுக்கு அது எதற்கு? மிக்ஸியும் சர்க்கரையும் போதும்.

ஜார் காய்ந்திருக்க வேண்டும். துடைத்தால் மட்டும் போதாது. பிளேடுக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருந்தாலும் பொடி பிசுபிசுத்துவிடும். அரை ஜாருக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி, ஓரமெல்லாம் அப்பிக்கொள்ளும். அரைத்ததும் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். உள்ளே புகைபோல் சுழலும் தூள் அடங்க ஓரிரு நிமிடம் ஆகும். பிறகு சலித்து, கப்பியை அடுத்த ஈட்டில் சேர்த்துவிடலாம்.

அந்தப் புகை ஆலைகளில் பெரிய ஆபத்து. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த்தில் உள்ள இம்பீரியல் சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசி தீப்பிடித்து வெடித்தது. 14 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மிக்ஸி ஜாரில் இருப்பது கைப்பிடித் தூள்தான். ஆனாலும் எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் அதைக் கொட்டிச் சலிக்க வேண்டாம்.

ஒரு கப் சர்க்கரை, சுமார் 200 கிராம், பொடித்தால் ஒன்றரைக் கப்புக்கு மேல் வரும். எடை அதேதான், இடையில் காற்று புகுந்திருக்கிறது. ‘ஒரு கப் பொடித்த சர்க்கரை’ என்று குறிப்பில் இருந்தால் பொடித்த பிறகு அளக்க வேண்டும். முன்பே அளந்து முழுவதையும் கொட்டினால் உருண்டை திகட்டும்.

நாலு ஏலக்காயைத் தனியாக மிக்ஸியில் போட்டால் பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்க்கரையோடு போடுங்கள், தோலோடு நைசாகிவிடும். சலிக்கும்போது தங்கும் திப்பியைத் தேயிலை டப்பாவில் போட்டால் டீ மணக்கும்.

கேக்குக்காகச் சேர்த்து வைப்பதானால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்து அரையுங்கள். வெள்ளை மாவுதான், மஞ்சள் மக்காச்சோள மாவு ஆகாது. இந்தப் பொடியை எலுமிச்சை ஜூஸில் போட்டால் கலங்கலாகத் தெரியும்.

சர்க்கரைப் பரல் உடையும்போது ஒளிவிடும்! இருட்டறையில், கண் இருளுக்குப் பழகிய பிறகு, காய்ந்த கற்கண்டை இடுக்கியால் நொறுக்கினால் மங்கலான நீல மினுக்கு தெரியும். 1620-லேயே பிரான்சிஸ் பேக்கன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வட இந்தியாவில் கடலை மாவு லட்டுக்குப் போடும் ‘பூரா’ அரைத்த பொடி அல்ல. சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி, கை ஓயாமல் கிளறிக் கிளறிப் பூக்கவைத்துப் பொடியாக்குகிறார்கள்.