காவல் துவக்கும் சட்டத்தின் வரம்பும்

எழுவான்கரையிலே வீடு, படுவான்கரையிலே வயல். குருமண்வெளித் துறையில் ஓடமேறி, வாவியைக் கடந்து, மண்டூர்ப் பக்கத்து வயல் வாடியிலே அப்பப்பாவுடன் இராத்தங்கிய நாட்களை நான் மறந்தேனல்லேன். அவர் போடியார். வேளாண்மைக் காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கொன்று அவரிடம் இருந்தது.

1960களின் நடுப்பகுதியில் ஒரு நாள் இரவு, சூடு மிதித்த நெல் களத்திலே குவிந்து கிடந்தது. ஒருவன் மூடையொன்றைத் தோளிலேற்றிக்கொண்டு ஓடினான். "சுடுங்க போடியார்!" என்று முல்லைக்காரர் கூவினார். அப்பப்பா துவக்கை உயர்த்தினார். பின் மெல்லத் தாழ்த்திவிட்டார்.

"ஏன் சுடல்ல?" என்றேன்.

"மனே, நம்மளக் கொல்லவா வந்தவன்? போனது ஒரு மூடை நெல்லு."

அதனைக் கோழைமை என்றே அன்று எண்ணினேன். பிற்காலத்தில் என் பெயருக்கும் ஓர் அனுமதிப்பத்திரம் வந்தபோதுதான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 89 முதல் 99 வரையான பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுக்கிறது. தன் உடலையும் பொருளையும் மட்டுமன்றிப் பிறருடையவற்றையும் ஒருவர் காக்கலாம். ஆயின், அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசமிருந்தால் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கும் ஆகாது என்கிறது 92ஆம் பிரிவு. உயிர்போக்கும் அளவுக்கு அவ்வுரிமை நீள்வது மரணம், கடுங்காயம், ஆட்கடத்தல் போன்ற கொடிய அச்சங்களின்போது மட்டுமே. பொருளைப் பொறுத்தவரை கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீயிடல் முதலியவற்றை 96ஆம் பிரிவு கூறுகிறது. வெறுங்களவு அவ்வரிசையில் இல்லை. உயிருக்கோ உடலுக்கோ பேராபத்து நேருமென்ற நியாயமான அச்சத்தையும் அது உண்டாக்கியிருத்தல் வேண்டும். மூடையுடன் முதுகு காட்டி ஓடுபவனிடத்தில் அவ்வச்சம் ஏது?

நல்லெண்ணத்துடன், முன்திட்டமின்றி, வரம்பு மீறியவருக்குக் கொலைக்குற்றம் சற்றே குறைந்த குற்றமாகலாம், விடுதலையாகாது. "தற்காப்புக்காகவே சுட்டேன்" என்பதை நிறுவும் பொறுப்பும், 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, சுட்டவரையே சாரும். அதனை ஐயமறக் காட்ட வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கக்கூடியது அதுவே எனக் காட்டினாற் போதும் என்று 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலே தீர்ப்பாயிற்று. நடுநிசியில், சாட்சியற்ற வட்டையிலே சுட்டவருக்கு அதுவும் எளிதன்று.

வரப்பில் கட்டுத்துவக்குக் கட்டுவோரும் இதனை எண்ணுதல் நன்று. பன்றியா, வழிப்போக்கனா என்று பார்க்கக் கண்ணில்லாத கருவி அது. அஞ்சத் தெரியாத அதற்குத் தற்காப்பு ஏது? 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாம் பெறும் அனுமதிப்பத்திரம் துவக்கை வைத்திருக்கவே இடந்தருகிறது. எப்போது சுடலாம் என்பதற்கு அது விடையன்று.

அப்பப்பா இப்பிரிவுகளில் ஒன்றையும் படித்தவரல்லர். அன்று அவர் விசையை அழுத்தியிருந்தால், ஒரு மூடை நெல்லுக்காக ஓர் உயிர் போயிருக்கும். அவரும் வாவியைக் கடந்து குற்றவாளிக் கூண்டுக்குச் சென்றிருப்பார். இன்றும் காவலுக்குப் போகுமுன் தோட்டாவைக் கையிலெடுக்கையில், அந்த மூடைதான் என் நினைவில் எழுகிறது.